கொத்துக்கறியும் நம்பிக்கையும்

உணவைப் பற்றி எழுதுதல் புலமைக்கு இழுக்கென்று கருதுவார் சிலர் நம்மிடையே உளர். சங்கச் சான்றோர் அங்ஙனம் கருதினாரல்லர். பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார், கரிகாற்சோழன் அரண்மனையில் இரும்புக் கம்பியிற் கோத்துச் சுட்ட கொழுவிய இறைச்சியைப் பொருநர் உண்ட திறத்தைக் கூசாது பாடுகின்றார். சூடு தாங்காமல் அத்துண்டை வாயின் இருமருங்கும் மாற்றி மாற்றி உண்டமையையும் விடாது சொல்லுகின்றார். பதிற்றுப்பத்தில் ஊன்துவை அடிசில் என்றோர் உணவு பேசப்படுகின்றது. ஆதலின், கொத்திய இறைச்சியைத் தட்டிக் கனலிற் சுடும் முறையைப் பற்றித் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர் ஒருவர் எழுதப் புகுதல் முறைகேடன்று என்று துணிந்து இக்கட்டுரையைத் தொடங்குகின்றோம்.

இக்காலத்து இளைஞர் பர்கர் என வழங்கும் உணவின் முழுப்பெயர் ஹாம்பர்கர் என்பது. ஜெர்மனி நாட்டு ஹாம்பர்க் என்னும் துறைமுக நகரின் பெயரால் அமைந்தது அது. 19ஆம் நூற்றாண்டில் அந்நாட்டினின்றும் அமெரிக்காவிற்குக் குடியேறியவர்களோடு, கொத்திய மாட்டிறைச்சியைத் தட்டிச் சுட்டு உண்ணும் வழக்கமும் கடல் கடந்தது. அதனை ரொட்டியின் நடுவே முதலில் வைத்தவர் எவர் என்பதிற் கருத்தொற்றுமை இல்லை. அமெரிக்க ஊர்கள் பல அப்பெருமை தமதே என்று இன்றும் வழக்கிடுகின்றன. 1921ஆம் ஆண்டு கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் ஒயிட் காசில் என்னும் கடை இவ்வுணவையே முதன்மையாகக் கொண்டு தோன்றியது. 1940இல் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் மக்டொனால்ட் உடன்பிறந்தார் இருவர் தம் கடையைத் திறந்தனர். அப்பெயர் தாங்கிய நிறுவனம் 1996இல் தில்லிக்கு வந்தபோது, இந்நாட்டு மக்களின் மனநிலையை நோக்கி மாட்டிறைச்சியையும் பன்றி இறைச்சியையும் விலக்கி, ஆட்டிறைச்சியைக் கொண்டு தன் பண்டத்தைச் செய்தது. ஓர் உணவு ஒரு நாட்டினின்றும் மற்றொரு நாட்டிற்குச் செல்லும்போது அதன் பெயர் மாறாது நிற்கலாம். உள்ளிருக்கும் பொருள் மாறியே தீரும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

நிற்க. கொத்திய இறைச்சி நம் நாட்டார்க்குப் புதிதன்று. செட்டிநாட்டிலும் மதுரையிலும் கோலா உருண்டை செய்யாத விருந்தில்லை. ஆட்டின் கொத்துக்கறியோடு பொட்டுக்கடலை மாவும் சோம்பும் தேங்காயும் சேர்த்து உருட்டி எண்ணெயிற் பொரித்தெடுப்பர். ஆங்கிலர் அடுப்பங்கரையினின்றும் வந்த கட்லெட் என்னும் சொல், நம் கிறிஸ்தவ வீடுகளிற் பண்டிகைச் சொல்லாகவே ஆகிவிட்டது. இவையிரண்டும் எண்ணெயில் வேகும். பர்கருக்குரிய தட்டு, கம்பிவலையின்மேற் கனலில் வேகும். வேறுபாடு அவ்வளவே.

எம் வீடு கடலூர் முதுநகரில் உள்ளது. 1690ஆம் ஆண்டு ஆங்கில வணிகக் குழுவினர் மராட்டியரிடம் விலைக்கு வாங்கிப் புனித தாவீது கோட்டை என்று பெயரிட்ட கோட்டையின் இடிபாடு, கெடில ஆற்றின் அப்பால் தேவனாம்பட்டினத்தில் இருக்கின்றது. அவர்கள் கோட்டையைச் சூழ்ந்த நிலத்தின் எல்லையைப் பீரங்கி சுட்டு வரையறுத்தனர். குண்டு விழுந்த தொலைவுக்கு உட்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப் பெயர் பெற்றன. இங்ஙனம் பல நாட்டார் வந்து சென்ற ஊரில், பல சாதியாரும் பல சமயத்தாரும் நெருங்கி வாழ்கின்றனர். ஒருவர் அடுப்பின் மணம் அடுத்தவர் திண்ணைவரை செல்லும். இதனை நினைவிற் கொண்டு படித்தாலன்றி, யாம் பின்னர்ச் சொல்லப்போவது விளங்காது.

இரண்டு இறைச்சியை ஒன்றாகக் கலக்கும் வழக்கம் எம் வீட்டிற்கு எங்ஙனம் வந்தது? நாக்கின் விருப்பத்தால் வந்ததன்று. பையின் வறுமையால் வந்தது. ஆட்டிறைச்சியின் விலை எட்டாத உயரத்தில் நிற்க, மாட்டிறைச்சி அதனிற் பாதிக்கும் குறைந்த விலைக்குக் கிடைத்தது. எம் அன்னையார் பண்டிகை நாட்களில் இவ்விரண்டையும் வாங்கிக் கலந்து கொத்தி, ஒன்பது பேர்க்குப் போதுமானதாக ஆக்கினார். பின்னர்த்தான் தெரிந்தது, அவர் செய்தது சமையற் கலை வல்லாரும் ஒப்பும் முறை என்பது. மாட்டின் தொடைக்கறியிற் சுவை உண்டு, கொழுப்புக் குறைவு. ஆட்டின் விலாக்கறியிற் கொழுப்பும் மணமும் உண்டு. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகின்றது.

இதன் நுட்பங்களை எமக்குக் கற்பித்தவர் எம் தாய்மாமா. சரக்குக் கப்பல்களிற் சமையற்காரராகப் பல ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். அவரிடம் கேட்டறிந்ததையும், நூல்களிற் படித்தறிந்ததையும், பலமுறை செய்து கண்டதையும் சேர்த்து ஈண்டு முறைப்படி கூறுகின்றோம்.

முதலாவது, அளவு. மாட்டிறைச்சி 600 கிராமும், கொழுப்போடு கூடிய ஆட்டிறைச்சி 400 கிராமும் கொள்க. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பாக இருத்தல் வேண்டும். இதனிற் குறைந்தால் தட்டு வறண்டு போம். மிகுந்தால் கொழுப்பு உருகிக் கனலில் ஒழுகித் தீ எழுந்து கரியும் கசப்பும் உண்டாம்.

இரண்டாவது, குளிர்ச்சி. கடலூரின் கோடை வெப்பத்தில் இறைச்சியை வெளியே வைத்துக் கொத்தினால், கொழுப்பு இளகித் தசையின்மேற் பூசிக்கொள்ளும். தனித்தனித் துகளாய் நில்லாது. கொத்துவதற்கு முன் இறைச்சியையும், அரைக்கும் பொறியின் உறுப்புக்களையும் குளிர்பெட்டியில் வைத்தெடுத்தல் நலம். பொறி இல்லாதார் இரண்டு கத்திகளால் மரப்பலகையின்மேற் கொத்திக்கொள்ளலாம்; எம் அன்னையார் இன்றும் அங்ஙனமே செய்கின்றார்.

மூன்றாவது, உப்பு. இதனை முன்பே இட்டுப் பிசைவார் பலர். உப்பு, தசையிலுள்ள மையோசின் என்னும் புரதத்தைக் கரைத்துப் பசையாக்கும். அப்பசை துகள்களை இறுகப் பிணிக்க, தட்டு இரப்பர்போல் ஆகிவிடும். கோலா உருண்டைக்கு அப்பிணிப்பு வேண்டும், இதற்கு வேண்டா. ஆதலின், தட்டி முடித்து அடுப்பில் இடும் தறுவாயில் மேற்புறத்தில் மட்டும் உப்பையும் மிளகுத்தூளையும் தூவுக. "மருமகனே, சப்பாத்தி மாவைப் பிசைவதுபோற் பிசையாதே, குருவிக்குஞ்சைப் பிடிப்பதுபோற் பிடி" என்பது எம் மாமா எப்பொழுதும் சொல்லும் அறிவுரை.

நான்காவது, ஈரம் காத்தல். ரொட்டித் துண்டு இரண்டைப் பாலில் ஊறவைத்து மசித்து, கொத்துக்கறியோடு மெல்லக் கலக்க வேண்டும். ரொட்டியின் மாவுப்பொருள் நீரைத் தன்னுள் இருத்திக்கொள்ளும். நம் பாட்டிமார் கோலா உருண்டையிற் பொட்டுக்கடலை மாவு இட்டதும் இக்காரணம் பற்றியதே. பின்னர் ஏறக்குறைய 140 கிராம் எடையில், இரண்டு சென்டிமீட்டர் தடிப்பில் எட்டுத் தட்டுகள் தட்டி, ஒவ்வொன்றின் நடுவிலும் பெருவிரலால் ஒரு குழி இடுக. வேகும்போது ஓரம் சுருங்கி நடு உப்பும். குழி இருந்தால் முடிவில் மட்டமாய் நிற்கும்.

ஐந்தாவது, கனல். எம் கடற்கரைப் பகுதியிற் சவுக்குத் தோப்புகள் மிகுதி. சவுக்குக் கட்டையின் கரி, நின்று எரியும் வெம்மையுடையது. கொட்டாங்கச்சியின் கரியும் நன்று. கரி முழுதும் பற்றி, மேலே வெண்ணீறு பூத்த பின்னரே சுடுதல் வேண்டும். கரியை அடுப்பின் ஒருபுறம் நெருக்கமாகவும் மறுபுறம் அருகலாகவும் பரப்பினால், வெம்மை மிக்க இடத்தில் மேற்புறத்தைச் சிவக்கவைத்து, மென்மையான இடத்தில் உள்ளே வேகவைக்கலாம். மேற்புறம் சிவந்து மணம் பெறுவது, புரதத்தின் கூறுகளும் சர்க்கரையும் வெப்பத்திற் கூடி விளைக்கும் மாற்றத்தால். அதனை 1912இல் விளக்கிய பிரெஞ்சு அறிஞர் மைலார்டின் பெயராலேயே அம்மாற்றம் வழங்குகின்றது. வேகும் தட்டைக் கரண்டியால் அழுத்துதல் கூடாது. அழுத்தும்போது சீறும் ஓசை காதுக்கு இனிதாகலாம். அவ்வோசை, நாம் உண்ண வேண்டிய சாறு நெருப்பில் விழும் ஓசை.

ஆறாவது, வேக்காடு. இது சுவையைப் பற்றியதன்று, உயிரைப் பற்றியது. முழுத்துண்டு இறைச்சியில் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் மேற்புறத்திலேயே இருக்கும். மேற்புறம் வெந்தால் அவை மாயும். கொத்தும்போதோ மேற்புறம் உட்புறமாகிவிடுகின்றது. ஆகவே நடுப்பகுதியும் 71 பாகை செல்சியசு வெப்பத்தை எட்டுதல் வேண்டுமென்று அமெரிக்க வேளாண்மைத் துறையினர் வரையறுத்துள்ளனர். கோழியாயின் 74 பாகை. அவ்வெப்பத்தில் தசை சுருங்கி ஈரத்தின் ஒரு பகுதியை வெளியேற்றுதல் இயற்கை. அவ்விழப்பை ஈடுசெய்யவே கொழுப்பும், ஊறிய ரொட்டியும், இறுக்காத கையும் வேண்டும் என்றோம். இறக்கிய பின் சில நிமிடம் ஆறவிட்டு, ஆட்டுக்கொழுப்பு உறைவதற்கு முன் உண்ணுதல் வேண்டும்.

இதுகாறும் கூறியது கையின் வேலை. இனிக் கூறுவது மனத்தின் வேலை.

யாம் சிறுவராயிருந்த காலத்தில், கடலூரில் வேறொரு தெருவில் வாடகை வீட்டிற் குடியிருந்தோம். எம் அன்னையார் மாட்டிறைச்சி சமைக்கும் நாட்களிற் பின்கதவையும் சன்னலையும் அடைத்துவிடுவார். அடுப்பின் வெக்கையிலும் புகையிலும் நின்று அவர் முகம் சிவந்து வியர்ப்பதைக் கண்டு, கதவைத் திறக்கலாகாதா என்று கேட்போம். "வேண்டாம் ஐயா" என்பதற்குமேல் அவர் விடை சொன்னதில்லை. ஒருநாள் மணம் எவ்வாறோ வெளியே சென்றது. வீட்டுக்காரர் வந்தார், உரத்த சொல் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு திங்களுக்குள் வேறிடம் பார்த்துக்கொள்ளுமாறு மட்டும் கூறிச் சென்றார். அவ்வாண்டு எம் தங்கை தேர்வு எழுதிய வாரத்திலேயே பெட்டிகளைக் கட்டினோம். அதன்பின், சொந்தவீடு கட்டி அங்கே குடியேறிய பின்னரும், எம் அன்னையார் கை தானாகவே பின்கதவை நோக்கிச் செல்லுவதை யாம் பன்முறை கண்டதுண்டு.

சென்ற உயிர்த்தெழுந்த திருநாளுக்கு மறுநாள், விடுதித் தோழர் ஐவரை எம் வீட்டிற்கு விருந்துக்கு அழைத்தோம். நாற்பது நாள் தவக்காலம் புலால் தவிர்த்திருந்த வீட்டில் அன்று கரியடுப்பு மூட்டுவது வழக்கம். அழைத்தவருள் ஒருவர் பரங்கிப்பேட்டை முஸ்லிம், இருவர் சிதம்பரத்தார், ஒருவர் புவனகிரியார், ஒருவர் வடலூரார். பரங்கிப்பேட்டை நண்பர்க்கு முறைப்படி அறுத்த இறைச்சி வேண்டும். சிதம்பரத்தார் இருவரும் ஆட்டிறைச்சி உண்பர், மாட்டிறைச்சி உண்ணார். புவனகிரி நண்பரும் அங்ஙனமே என்று எண்ணியிருந்தோம். வடலூர் நண்பரோ புலால் எதனையும் தொடாதவர்.

செய்தி கேட்ட அண்டை வீட்டு அம்மையார் ஒருவர், அன்பினாலேயே ஓர் யோசனை சொன்னார். "இவ்வளவு கவலை எதற்கு? கொத்திக் கலந்த பின் எது ஆடு எது மாடு என்று யாருக்குத் தெரியப்போகிறது? ஆட்டுக்கறி என்று சொல்லி வைத்துவிடுங்கள்" என்றார். எம் அன்னையார் முகம் மாறியது. "அக்கா, முழுக்கறியாக இருந்தால் உண்பவன் கண்ணால் அறிவான். கொத்திய பின் அவன் கண் என்னிடம் இருக்கிறது. அதை நான் எப்படி மூடுவேன்?" என்றார். அன்று இரவு அவர் உறங்கவில்லை. மறைப்பதும் ஆகாது, உரைப்பின், பழைய வீட்டுக்காரர் போன்று இப்பிள்ளைகளும் முகம் திருப்பிக்கொள்ளுவரோ என்ற அச்சம். ஆட்டிறைச்சி மட்டும் சமைத்துவிடலாம் என்று தந்தையார் கூறினார். "ஒருநாள் விருந்துக்கு அது சரி. ஆனால் இவன் தோழர்கள் இவன் யாரென்று தெரியாமலேயே இருக்க வேண்டுமா?" என்று அன்னையார் கேட்டார். அவ்வினாவிற்கு எவரிடத்தும் விடையில்லை.

முடிவில் ஐவர்க்கும் கைப்பேசியிற் செய்தி எழுதினோம். எம் வீட்டில் மாட்டிறைச்சியும் சமைப்பதுண்டு. அன்றைக்கு மூவகைத் தட்டுகள் இருக்கும். ஒன்று கலந்தது, ஒன்று ஆடு மட்டும், ஒன்று பலாமூசு. பலகையும் கத்தியும் கம்பிவலையும் தனித்தனி. விருப்பமானால் வருக என்று எழுதினோம். எழுதியதை அனுப்புமுன் எம் விரல் சிறிது நடுங்கியது. பின்கதவைத் திறந்து வைத்தல் போன்ற ஒரு செயலாக அது தோன்றிற்று.

பரங்கிப்பேட்டை நண்பர் உடனே விடை எழுதினார். எக்கடையில் வாங்குவீர் என்பது மட்டுமே அவர் வினா. அவர் கூறிய முறைப்படி அறுப்பவர் கடையிலேயே இரண்டையும் வாங்கினோம். வடலூர் நண்பர், பலாமூசு எம் பொறுப்பு என்று பண்ணுருட்டிச் சந்தையில் தாமே வாங்கி வந்தார். சிதம்பரத்தார் ஒருவர் வருவதாக எழுதினார். மற்றவர் இரண்டு நாள் கழித்து, அன்று வேறு வேலை இருப்பதாக எழுதினார்.

அன்று காலை சிதம்பரத்து வண்டியும் விருத்தாசலத்து வண்டியும் கூடும் கடலூர்த் துறைமுகச் சந்திப்பில் நால்வரையும் எதிர்கொண்டு அழைத்து வந்தோம். முதலில் மூட்டியது வடலூர் நண்பருக்குரிய அடுப்பை. காற்று வரும் பக்கத்தில், மற்றைப் புகை அணுகாத இடத்தில் அதனை வைத்தோம். பலாமூசை வேகவைத்துப் பிசறி, உருளைக்கிழங்கும் உடைத்த முந்திரியும் பொட்டுக்கடலை மாவும் சேர்த்து அவரே தட்டினார். பலாமூசின் நார் இறைச்சியின் நார்போலவே பிரியும் இயல்புடையது. தன்பாற் கொழுப்பு இன்மையால் முந்திரி அதற்குத் துணையாகின்றது. பரங்கிப்பேட்டை நண்பர் எம் கம்பிவலையைத் தட்டிப் பார்த்து, தம் ஊர்ப் பெருமை பேசத் தொடங்கினார். 1830ஆம் ஆண்டில் ஹீத் என்னும் ஆங்கிலர், சேலத்துக் கனியத்தைக் கொணர்ந்து பரங்கிப்பேட்டையில் மரக்கரியால் உருக்கி இரும்பு செய்யும் ஆலை நிறுவினார் என்றும், அக்கரியில் இவ்வடுப்பு எத்தனை தலைமுறை எரிந்திருக்கும் என்றும் அவர் கூற, எம் மாமா வியந்து கேட்டார்.

புவனகிரி நண்பர் மட்டும் பேசாதிருந்தார். கலந்த தட்டு வெந்து இறங்கியதும், ஆட்டுத் தட்டை எடுத்துக்கொள்ளுமாறு எம் அன்னையார் அவரிடம் கூறினார். அவர் தலை கவிழ்ந்தவாறே, "அம்மா, எங்கள் வீட்டிலும் இதுதான். விடுதியில் இரண்டு ஆண்டாக நான் யாரிடமும் சொன்னதில்லை" என்று கலந்த தட்டை நோக்கிக் கை நீட்டினார். இரண்டு ஆண்டு ஒரே அறையில் எம்மோடு உறங்கி எழுந்தவர் அவர். எம் அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. அவர் இலையில் இரண்டாவதும் ஒன்று வைத்தார்.

உண்ட பின் வடலூர் நண்பரிடம் யாம் வெளிப்படையாகவே கேட்டோம். இப்புகையினிடையே அமர்ந்தது அவருக்குத் துன்பமாயிற்றோ என்று. அவர் ஊரில் 1867ஆம் ஆண்டு இராமலிங்க அடிகளார் நிறுவிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு, அன்று மூட்டியது இன்றும் அணையாது எரிகின்றது. பசித்து வந்தார் எவராயினும் சாதி சமயம் கேளாது ஆங்கே சோறிடுகின்றனர். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்த அடிகளார், கொல்லாமையையும் புலால் மறுத்தலையும் தம் நெறியின் அடிப்படையாக வைத்தார். நண்பர் சொன்ன விடை இது: "நீங்கள் புலாலை விட்டுவிட வேண்டும் என்பது என் விருப்பம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் எனக்காக நீங்கள் மறைத்திருந்தால், நான் இந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டேன்." அவர் கருத்தும் மாறவில்லை, எம் அடுப்பும் மாறவில்லை. ஆயினும் இருவரிடையே இருந்த இடைவெளியின் அளவு இருவர்க்கும் தெரிந்தது. அளவு தெரிந்த இடைவெளியைக் கடத்தல் எளிது. கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் 8ஆம் அதிகாரம் புலாலைப் பற்றியும் பிறர் மனச்சான்றைப் பற்றியும் பேசுவதைப் பலமுறை படித்திருக்கின்றோம். அதன் பொருள் அன்றுதான் எமக்கு விளங்கத் தொடங்கிற்று.

வராத நண்பரைப் பற்றியும் கூற வேண்டும். அவர் இன்றும் எம்மைக் கண்டால் முகமலர்ந்து பேசுகின்றார், குறிப்பேடுகளை மாற்றிக்கொள்ளுகின்றோம். எம் வீட்டிற்கு மட்டும் இன்னும் வரவில்லை. அவர்மீது எமக்கு வருத்தம் உண்டு, குறை இல்லை. அறியாமல் வந்து உண்டு பின்னர் அறிந்து வெறுத்தலினும், அறிந்து வராதிருத்தல் அவர்க்கும் நன்று, எமக்கும் நன்று. உரைத்ததன் விலை அது. அவ்விலையைக் கொடுத்தே அன்றைய விருந்தை வாங்கினோம்.

இனி, இஃது எம் வீட்டுக் கதை மட்டும் அன்று. கொத்திய பொருளில் உண்பார் கண்ணுக்கு வேலையில்லை. செய்தார் சொல்லே சான்று. அச்சொல் பொய்த்த இடங்களை உலக வரலாறு குறித்து வைத்திருக்கின்றது. 1906ஆம் ஆண்டு அப்டன் சிங்கிளேர், சிகாகோ நகரத்து இறைச்சிக் கூடங்களின் அருவருக்கத்தக்க நிலையைத் தம் புதினத்தில் வெளிப்படுத்த, அவ்வாண்டிலேயே அமெரிக்க அரசு இறைச்சி ஆய்வுச் சட்டம் இயற்ற நேர்ந்தது. 1993இல் அந்நாட்டின் மேற்குப் பகுதியில், செவ்வையாக வேகாத கொத்திறைச்சித் தட்டுகளை உண்டு எழுநூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். சிறுவர் நால்வர் இறந்தனர். 2013ஆம் ஆண்டு சனவரித் திங்களில், மாட்டிறைச்சி என்று விற்ற பர்கர்களிற் குதிரையின் மரபுக்கூறு இருந்தமையை அயர்லாந்து நாட்டு உணவுக் காப்பு ஆணையத்தினர் வெளியிட, ஐரோப்பா முழுதும் கலங்கிற்று. குதிரையிறைச்சி நஞ்சன்று, சில நாடுகளில் விரும்பி உண்பர். ஆயினும் மக்கள் சினந்தனர். தாம் உண்டது இன்னதென்று சொல்லப்படாமையே அவர்தம் சினத்திற்குக் காரணம். நம் நாட்டிலும் 1857இல், தோட்டாவிற் பூசிய கொழுப்பு எவ்விலங்கினது என்ற ஐயம் ஒரு பெருங்கிளர்ச்சிக்கு உடனடித் தூண்டுகோலாயிற்று.

ஆதலின் இவ்வுணவைச் செய்ய விழையும் தோழர்க்கு எம் சொல் இதுவே. கொழுப்பின் அளவை நிறுத்துக் கொள்க. கொத்திய இறைச்சியைக் குளிரக் காக்க. உப்பைக் கடைசியில் இடுக. நடுவும் வேகும்வரை சுடுக. இவற்றிற்கெல்லாம் முன்னர்ச் செய்யத்தக்கது ஒன்று உண்டு. கறிக்கடைக்குச் செல்லுமுன், விருந்திற்கு வருவார் ஒவ்வொருவரும் எதை உண்பர், எதை உண்ணார் என்பதைக் கேட்டறிக. நும் அடுப்பில் வேகுவது இன்னதென்று அவர்க்கு உரைக்க. அதன்பின் யாவர் வருகின்றனரோ அவர்க்குப் போதுமான அளவு வாங்கி, பின்கதவைத் திறந்து வைத்துக் கரியை மூட்டுக.